எல்லை வகுப்பது கைவிடுவதாகாது

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உடையவரோடு குடும்பம் நடத்துவோர் எங்களிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எதுவரை பொறுத்துப் போவது?" விடை தேடுமுன் நோயைச் சற்று அறிந்துகொள்வோம்.

நோயின் இயல்பு

மருத்துவர்கள் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் என்று குறிப்பிடும் இக்கோளாற்றின் பெயரிலுள்ள 'எல்லை' என்னும் சொல் பலரைக் குழப்புகிறது. நியூரோசிஸ், சைக்கோசிஸ் என்னும் இருவகை மனநோய்களுக்கு இடைப்பட்ட நிலையில் இருந்தோரைக் குறிக்க, அமெரிக்க மருத்துவர் அடால்ஃப் ஸ்டெர்ன் 1938ஆம் ஆண்டில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். அப்பொருள் இன்று வழக்கொழிந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. உணர்ச்சிகள் விரைந்து பொங்குதல், அவை அடங்க நெடுநேரம் பிடித்தல், தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்னும் ஓயாத அச்சம் ஆகியவையே இந்நோயின் மையம். காலையில் தெய்வமாகத் தோன்றிய துணை, மாலையில் துரோகியாகத் தோன்றக்கூடும். வெறுமையுணர்வும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் போக்கும் சிலரிடம் காணப்படும். இதில் நடிப்போ பிடிவாதமோ இல்லை. ஆண், பெண் இருபாலாருக்கும் இந்நோய் வரும்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டமொன்றின் மேற்பார்வையாளர், நோய் அவருக்கு. மனைவி மாதம் இருமுறை, தம் தாயைப் பார்க்க ஏற்காட்டிலிருந்து சேலத்திற்குப் பேருந்தில் இறங்குகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் கைபேசித் தொடர்பு அறுகிறது. அரை மணி நேரத்திற்குள் கணவர் முப்பது முறை அழைத்துவிடுகிறார். "அவள் இனி வரமாட்டாள்" என்னும் எண்ணம் அவருக்குள் உறுதிப்படுகிறது. மாலையில் கூச்சல், நள்ளிரவில் கண்ணீரும் மன்னிப்பும்.

சில மாதங்களில் மனைவி தாய்வீடு செல்வதையே நிறுத்திவிடுகிறார். வீட்டில் அமைதி திரும்பியதுபோல் தோன்றுகிறது. ஆனால், தாய் தனிமையில் வாடுகிறார். மனைவியின் உள்ளத்தில் கசப்பு சேர்கிறது. பிரிவைத் தம்மால் தாங்கிக்கொள்ள முடியும் என்று அறியும் வாய்ப்பே கணவருக்குக் கிடைக்காமல் போகிறது.

எல்லையை வகுக்கும் முறை

எல்லை என்பது நாம் என்ன செய்வோம் என்னும் உறுதிமொழி. "இனி அழைக்காதீர்கள்" என்பது கட்டளை. அதை நிறைவேற்றும் ஆற்றல் மனைவியிடம் இல்லை. "கிளம்பும்போதும், சேலம் சேர்ந்ததும், திரும்பப் பேருந்து ஏறும்போதும் நானே அழைப்பேன். இடையில் வரும் அழைப்புகளை எடுக்கமாட்டேன். ஆறு மணிப் பேருந்தில் வந்துவிடுவேன்" என்பதே எல்லை.

இதைச் சண்டையின் நடுவே சொல்லாதீர்கள். இருவரும் அமைதியாக இருக்கும் நாளில் பேசுங்கள். முதலில் உணர்வை ஏற்றுக்கொள்ளுங்கள்: "நான் கண்ணுக்கு மறைந்ததும் உங்களுக்குப் பயம் வருகிறது என்று எனக்குத் தெரியும்." பயத்தை ஏற்பது குற்றச்சாட்டை ஏற்பதாகாது. பின்பு எல்லையைச் சுருக்கமாகக் கூறுங்கள். கூச்சல் எழுந்தால், "அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வருகிறேன், வந்து பேசுவோம்" என்று சொல்லிச் செல்லுங்கள். சொன்ன நேரத்தில் தவறாமல் திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் அவருடைய அச்சத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கும்.

தொடக்கத்தில் நிலைமை கடுமையாகலாம். முப்பது அழைப்பு வந்த இடத்தில் ஐம்பது வரலாம். ஐம்பதாவது அழைப்பை எடுத்துவிட்டால், ஐம்பது முறை முயன்றால் பதில் கிடைக்கும் என்பதே அவர் கற்கும் பாடமாகும். ஆகவே, கடைப்பிடிக்க இயலாத எல்லையை வகுக்க வேண்டாம். "உங்களை விட்டுப் போய்விடுவேன்" என்று அச்சுறுத்தவும் வேண்டாம். அது ஆறாத புண்ணைக் கிளறும்.

எல்லை போதாத இரு நேரங்கள்

உயிரை மாய்த்துக்கொள்வதாக அவர் பேசினால், மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். அந்நேரத்தில் அழைப்பு பற்றிய விதி எதுவும் பொருந்தாது. அவரைத் தனியே விடாமல் 108ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் இரவுபகலாக, கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தோட்டப் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் இன்றே பூட்டிவையுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது. வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.

அடியும் உதையும் நிகழும் வீட்டில், முதற்பணி பாதுகாப்பான இடத்திற்குச் செல்வதே. பெண்களுக்கு 181 உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் துணை நிற்கின்றன. நோய் சினத்தின் காரணத்தை விளக்கலாம், அடியை நியாயப்படுத்தாது.

நம்பிக்கைக்கு இடம் உண்டு

இந்நோய்க்கு முதன்மைச் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சையே. உடனிருக்கும் மனச்சோர்வு போன்றவற்றிற்கே மருந்து துணைபுரிகிறது. உணர்ச்சியைக் கையாளும் திறன்களைக் கற்பிக்கும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியை உருவாக்கிய மார்ஷா லினஹன், இளமையில் தாமே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகக் கூறினார். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 290 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 93 விழுக்காட்டினருக்குக் குறைந்தது இரண்டாண்டுகள் நோய்க்குறிகள் தணிந்திருந்தன. வேலையிலும் உறவிலும் நன்னிலையோடு முழுமையாக மீண்டவர்கள் பாதிப்பேர்.

நோயுடையவரே இதைப் படிக்கிறீர்கள் எனில், துணைவர் வகுக்கும் எல்லை உங்களை வெளியே தள்ளும் கதவன்று. மலைப்பாதை வளைவிலுள்ள தடுப்புச் சுவர்போல, இருவரும் சேர்ந்து வீடு சேர்வதற்காகவே அது நிற்கிறது. எந்த நேரத்தில் அழைத்தால் உங்கள் மனம் ஆறும் என்பதை நீங்களே சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள். ஒரே ஓர் எல்லையை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.