சீட்டாட்டத்தில் ஒரு பதுங்குகுழிப் போர்

பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போர்ப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். "இத்தனை வருஷம் சண்டை போட்டும் மேற்கு முனையில ஏன் சார் யாராலயும் முன்னேற முடியல?" பதுங்குகுழி, முள்வேலி, இயந்திரத் துப்பாக்கி என்று கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். ஆனால் காரணம் மனத்தில் பதிந்ததாகத் தெரியவில்லை. எனவே இருவர் ஆடும் சீட்டாட்டம் ஒன்றைத் தயாரித்தேன்.

தேவையானவை

பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி, ஆளுக்கு 20 அட்டைகள்: வீரர் 12, இயந்திரத் துப்பாக்கி 3, முள்வேலி 3, பீரங்கி 2. ஒரு நாணயம். ஒரு காலி சாக்பீஸ் டப்பா.

ஆடும் முறை

ஒவ்வொருவரும் பீரங்கி தவிர்த்த மூன்று அட்டைகளைத் தம் முன் கவிழ்த்து வைக்க வேண்டும். அதுவே பதுங்குகுழி. மற்றவை கையில் இருக்கும். தம் முறை வரும்போது தாக்கலாம், தாக்காமலும் விடலாம். தாக்குபவர் வேண்டிய அளவு வீரர்களை இறக்குவார். எதிராளி குழி அட்டைகளைத் திருப்புவார். இயந்திரத் துப்பாக்கி மூன்று வீரரை வீழ்த்தும். முள்வேலி ஒருவரை வீழ்த்தும். குழியில் வீரர் இருந்தால் இரு பக்கமும் ஒவ்வொருவர் வீழ்வர். பீரங்கி அட்டையும் சேர்த்துப் போட்டால் நாணயம் சுண்ட வேண்டும். பூ விழுந்தால் ஒரு முள்வேலி நீங்கும். தலை விழுந்தால் பீரங்கி வீண். தாக்கியவர்களில் ஒருவராவது மிஞ்சினால் ஓர் அடி முன்னேற்றம். மிஞ்சியவர் கைக்குத் திரும்புவர். பிறகு எதிராளி குழியை மீண்டும் அமைப்பார். ஆளுக்கு ஐந்து முறை.

முதல் நாள் நான் ஒரு தவறு செய்தேன். ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று, வீழ்ந்த வீரர்களையும் கைக்கே திருப்பித் தந்தேன். வகுப்பில் ஒரே ஆரவாரம். என்ன தெரிந்துகொண்டீர்கள் என்றேன். "ஜாலியா இருந்துச்சு சார்!" செத்தவர் எழுந்து வரும் போரையல்லவா கற்பித்துவிட்டேன் என்று உறுத்தியது.

மறுநாள் விதியை மாற்றினேன். வீழ்ந்த அட்டை சாக்பீஸ் டப்பாவுக்குள் போகும், திரும்பாது. கரும்பலகையில் 'முன்னேறிய அடி', 'வீழ்ந்த வீரர்' என இரண்டு கட்டங்கள் போட்டேன். வென்ற மாணவனின் கணக்கு: 2 அடி, 11 வீரர். கையில் மிஞ்சிய ஒரே வீரரைப் பார்த்தபடி நின்றான். கைதட்டல் எழவில்லை.

"பீரங்கி போட்டும் வேலி போகலைன்னா எப்படி சார்?" என்றான் இன்னொருவன். அப்போதுதான் பிரான்சில் நடந்த சோம் போரைச் சொன்னேன். ஒரு வாரம் குண்டு பொழிந்தும் பல இடங்களில் முள்வேலி அறுபடவில்லை. 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நவம்பரில் போர் ஓய்ந்தபோது, முன்னேறிய தூரம் அதிகபட்சம் சுமார் 10 கிலோமீட்டர்தான்.

ஓர் இணையின் கணக்கில் மட்டும் எல்லாமே சுழியம். "நாங்க ரெண்டு பேரும் தாக்கவே இல்ல சார்." "ஏமாத்துறாங்க!" என்றது வகுப்பு. விதியில் அதற்கு இடமுண்டு என்றேன். 1914 கிறிஸ்துமஸின்போது சில இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் குழியை விட்டு வெளியே வந்து கைகுலுக்கியதையும், இறந்தவர்களைப் புதைத்ததையும் சொன்னேன்.

"அப்புறம் ஏன் சார் மறுபடி சுட்டாங்க?"

நான் பதில் சொல்லுமுன் கடைசி வரிசை மாணவி சொன்னாள்: "வீரர் அட்டை தானா இறங்காதுல்ல? கையில வச்சிருக்கிறவங்கதானே இறக்குறாங்க."

பாடநூலில் உள்ள போர்க் காரணங்களை அன்று அந்தப் பதிலிலிருந்தே தொடங்கினேன்.

இதை முயலும் ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஆட்டத்துக்கு ஒரு பாடவேளை என்றால், பேசுவதற்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். வென்றவர் பெயரோடு நிறுத்தாமல், டப்பாவில் உள்ள அட்டைகளை மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.