மங்குக்கு அதிமதுரம்: பூசும் முறையும் அதன் எல்லையும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரைச் சூழ்ந்த ஊர்களில் நெல்லும் நிலக்கடலையும் பயிராவதால், களையெடுப்பிலும் அறுவடையிலும் பெண்கள் நெடுநேரம் வெயிலில் நிற்க நேர்கிறது. அவ்வெயில் பேறுகால உடல் மாற்றங்களுடன் சேரும்போது கன்னத்தில் படரும் பழுப்புத் திட்டே மங்கு. அதற்கு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வேர்களுள் அதிமதுரம் குறிப்பிடத்தக்கது.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதற்கு டைரோசினேஸ் என்னும் நொதி வேண்டும். அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடின் என்னும் பொருள் அந்நொதியின் செயலைத் தடுப்பது ஆய்வகங்களில் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் கிளாப்ரிடின் நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால், வேரைக் கொதிக்கவைத்த நீரால் முகம் கழுவுவோர் அப்பொருளைப் பெரும்பாலும் சக்கையோடு கொட்டிவிடுகின்றனர். பொடியையே தயிரிலோ பாலாடையிலோ குழைத்துப் பூசுவது அதனினும் பொருத்தமான முறையாகும்.

பொடியாக வாங்குவதைவிட வேராக வாங்குவதே நன்று. மேற்புறம் பழுப்பாகவும், ஒடித்தால் உள்ளே மஞ்சளாகவும் நார் நாராகவும், மென்றால் நின்று இனிப்பதாகவும் இருப்பதே நல்ல வேர். பொடியில் இச்சோதனைகளுள் பெரும்பாலானவற்றைச் செய்ய இயலாது. மேல்தோலைச் சீவி, நன்கு உலர்த்தி இடித்தபின், வஸ்திரகாயம் செய்வது, அதாவது மெல்லிய துணியில் சலிப்பது, இன்றியமையாதது; ஏனெனில் எஞ்சும் நார் முகத்தோலைக் கீறி எரிச்சலூட்டினால், அவ்வெரிச்சலே புதிய கருமைக்கு வித்தாகிவிடும். எலுமிச்சைச் சாற்றைக் கலக்கும் வழக்கம் அறவே கைவிடத்தக்கது. அச்சாறு பட்ட தோல் வெயிலில் புண்ணாகிக் கறுப்பதுண்டு. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பில்லையெனில் முகத்தில் பூசலாம். மாலையில் பூசிக் காய்ந்து இறுகுமுன் கழுவிவிட வேண்டும்.

முக்காடின்றி வயலுக்குச் செல்வோருக்கு எந்தப் பூச்சும் பயன்தராது. வெயிலைத் தடுப்பதே மருத்துவத்தின் பெரும்பகுதி. பிறவி நிறத்தை மாற்ற அதிமதுரத்தால் இயலாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. நிறத்தை மாற்றும் எனச் சொல்லி விற்பது பெண்களை இழிவுபடுத்தும் செயல். பூசுவதற்கென வாங்கியதைத் தாமாகவே நாள்தோறும் உண்ணத் தொடங்குவதும் தவறு. வேரின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரிசின் மிகுந்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் உயரும். திட்டு வெளிறி உணர்ச்சியற்றிருந்தால் அது மங்கன்று, தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள், அதற்கான மருந்து அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது.