கரையொதுங்கும் பாசியும் சாண எரிவாயுக் கலனும்

இராமநாதபுரம், தூத்துக்குடி கடலோரத்தில் பலத்த காற்று அடித்து ஓய்ந்ததும் கட்டக்கோரையும் பிற பாசிகளும் கரையில் குவிந்து கிடக்கும். இவற்றைத் தென்னைக்கு உரமாக இடும் வழக்கம் பழமையானது. இதே பாசியைச் சாண எரிவாயுக் கலனில் இட்டால் அடுப்புக்கு வாயுவும் தோப்புக்கு உரமும் கிடைக்குமே என்று உழவர்கள் கேட்கின்றனர். கிடைக்கும், ஆனால் சாணத்துக்குப் பதிலாக அல்ல, சாணத்துடன் சேர்த்து.

2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் தேவை. இரண்டு மாடு வைத்திருப்போரிடம் இவ்வளவு சாணம் சேராது. இக்குறையைக் காய்கறிக் கழிவும் பாசியும் ஓரளவு ஈடுசெய்யும். வைக்கோல் வேண்டாம். அது மிதந்து, ஆடைபோல் படிந்து, வாயு மேலெழுவதைத் தடுக்கும்.

பாசியில் இரண்டு தொல்லைகள் உண்டு: உப்பு, மணல். உப்பு மிகுந்தால் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். மணலோ கலனின் அடியில் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். தீனபந்து கலனில் அதை அகற்றுவதென்றால் கலனையே காலி செய்ய வேண்டும். எனவே பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, விரல் நீளத்துக்கு நறுக்கி இடவேண்டும். குடிநீருக்கே குடத்துடன் நடக்கும் ஊர்களில் இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கு பாசியை மழையில் நனையவிட்டு எருக்குழியில் மட்கவைப்பதே மேல்.

முதலில் சாணத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பாசி சேர்க்க வேண்டாம். சுடர் குன்றினால் பாசியை நிறுத்திச் சாணக் கரைசலை மட்டும் சில நாட்கள் சிறிதளவாக விடுங்கள். பாசியிலுள்ள கந்தகத்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைடு கூடும். இது அடுப்பையும் இரும்புக் கலனையும் அரிக்கும், நச்சு வாயுவும்கூட. துருப்பிடித்த இரும்புத்தூள் நிரப்பிய குழாய் வழியே வாயுவைச் செலுத்தினால் இது பெரிதும் குறையும். எக்காரணம் கொண்டும் கலனுக்குள் இறங்காதீர்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆகவே கரையொதுங்கிய பாசியை மட்டுமே எடுக்கவும். கடலில் வளர்வதை அறுக்கலாகாது.

கலனிலிருந்து வெளிவரும் குழம்பில் சாம்பல்சத்து மிகுதி. காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் உரம் இடுமாறு பரிந்துரைப்பதை அறிவீர்கள். அதில் ஒரு பகுதியை இக்குழம்பு ஈடுசெய்யும். மண்ணில் உப்பு ஏறுகிறதா என்று ஆண்டுக்கொருமுறை மண் பரிசோதனை செய்து பாருங்கள். கட்டக்கோரை இனங்களில் ஆர்சனிக் சேர்ந்திருக்கக்கூடும். ஆகையால் கீரைக்கும் காய்கறிக்கும் இக்குழம்பை விடாமல் தென்னைக்கு மட்டும் விடுவது நல்லது.