கைமாறிய எஸ்.எஸ்.டி.யின் நலம் அறிதல்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பௌதிக வகுப்பில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவர், தாம் வாங்கிய பொருளொன்றைக் கைக்குட்டையிற் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். அது வேறொருவர் பயன்படுத்திக் கழித்த எஸ்.எஸ்.டி.; அதாவது, கணினியில் நாம் எழுதுவனவற்றை மின்சாரம் நின்ற பின்னும் காத்து வைக்கும் திண்மநிலைச் சேமிப்பகம். கொள்ளளவு 500 ஜிகாபைட்டு. "நலம் நூற்றுக்கு 96 என்று கடைக்காரர் காட்டினார், ஐயா, புதியதன் விலையிற் பாதிகூட இல்லை" என்றார். அவர்தம் ஆய்வுக் கட்டுரையும், அதற்கென ஓராண்டாக எடுத்த அளவைகளும் அதிற்றான் குடியேறவிருந்தன. அதனைக் கணினியிற் பொருத்தி, அது தன்னைப்பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பைப் படித்தேன். படித்தபின் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு கூறினேன். அவர் வியந்தார். அவ்வியப்பிற்கு அன்று கூறிய விடையையே சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றேன். கைமாறிய கணினி வாங்கும் மாணவர் நம்மிடையே பலர் உளர்.

முதற்கண், 'நலம்' என்று கடைக்காரர் காட்டும் எண் யாதென அறிதல் வேண்டும். எஸ்.எஸ்.டி.யினுள் சுழலும் தட்டு ஒன்றுமில்லை. ஜப்பானியராகிய புஜியோ மசுவோகா என்பார் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றியபோது கண்டு, 1984ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் வெளியிட்ட பிளாஷ் நினைவகமே அதன் உயிர்நிலை. மின்கடத்தாப் படலத்தாற் சூழப்பட்ட நுண்ணறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்துதலும் வெளியேற்றுதலுமே எழுதுதலும் அழித்தலும் ஆம். சிறையின் சுவரோ மிக மெல்லிது. எலக்ட்ரான்கள் புகுந்து வெளிப்படுந்தோறும் அது சிறிது சிறிதாகப் பழுதுறும். ஓரறையில் ஒரு பிட்டு மட்டும் வைப்பின், இரண்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தாற் போதும். பெருவழக்கிலுள்ள டி.எல்.சி. வகையில் மூன்று பிட்டுகளுக்கு எட்டு நிலைகள், கியூ.எல்.சி. வகையில் நான்கு பிட்டுகளுக்குப் பதினாறு நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்கச் சுவரின் சிறு பழுதும் பெரும் பிழையாய் விளையும். விலை மலிந்ததும், தாங்குந்திறன் குறைந்ததும் இதனாலேயே. தேய்மானத்தை அறைகள் அனைத்திற்கும் ஒப்பப் பங்கிட்டுக் கணக்கு வைக்கும் உள்ளுறுப்புக்குக் கன்ட்ரோலர் என்று பெயர்.

என்.வி.எம்.இ. வகையில் அக்கணக்கு 'பெர்சென்டேஜ் யூஸ்டு' என்னும் வரியிற் காணப்படும். புதியதில் அது 0. எழுத எழுத ஏறும். 100 ஆயின், செய்தவர் மதிப்பிட்ட எழுதுந்திறன் செலவாயிற்று என்பதே பொருள், பழுதாயிற்று என்பதன்று. அதற்கு மேலும் 255 வரை அவ்வெண் செல்லக்கூடும். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' போன்ற மென்பொருள்கள் இதனை 100இலிருந்து கழித்து, எஞ்சியதை 'நலம்' என்று காட்டுகின்றன. 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' கழியாமலே காட்டும். இவ்வேறுபாடு அறியாத நண்பர் ஒருவர், 3 என்று கண்டு, இறக்குந் தறுவாய் போலும் என அஞ்சி, நல்லதொன்றை எறியவிருந்தார்! ஆகவே, கடைக்காரரின் 96 பொய்யன்று. ஆயின் அது தேய்மானத்தின் அளவேயன்றி உடல்நலத்தின் அளவன்று.

தேய்மானத்தால் மாணவர் ஒருவரின் சேமிப்பகம் இறத்தல் அரிது. 500 ஜிகாபைட்டுச் சேமிப்பகங்கள் பலவற்றிற்கு 300 டெராபைட்டு எழுதலாமென உறுதி கூறப்படுகிறது. நாளொன்றுக்கு 20 ஜிகாபைட்டு எழுதினும் ஆண்டிற்கு 7.3 டெராபைட்டே, 300ஐ எட்ட 41 ஆண்டுகள் செல்லும். அமெரிக்காவில் 'டெக் ரிப்போர்ட்' என்னும் வெளியீட்டார் 2013 முதல் 2015 வரை ஆறு சேமிப்பகங்களில் ஓயாது எழுதிப் பார்த்தனர். ஆறும் 700 டெராபைட்டைக் கடந்தன. இறுதிவரை நின்றது 2,400 டெராபைட்டு வரை தாங்கிற்று.

பின் எதனால் இறக்கின்றன? டொரான்டோப் பல்கலைக்கழகத்துப் பியாங்கா ஷ்ரோடர் என்பார், கூகுள் நிறுவனத்தார் இருவருடன் சேர்ந்து, அந்நிறுவனத்துச் சேமிப்பகங்களின் ஆறாண்டு வரலாற்றை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார். தேய்மான எல்லையைக் கடந்தவுடன் பிழைகள் திடீரெனப் பெருகவில்லை என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. எழுதிய அளவு எதுவாயினும், வயதே தனியொரு காரணமாய்ப் பிழையை வளர்க்கிறது என்பது மற்றொன்று. நமக்கு மிகவும் பயன்படுவது மூன்றாவது: கெட்ட பகுதிகள் இரண்டு நான்கு தோன்றுதல் பெருவழக்கு, அவ்வளவைத் தாண்டியவற்றிலோ அவை நூற்றுக்கணக்காய்ப் பெருகுகின்றன.

நிற்க. மாணவர் கொணர்ந்ததன் குறிப்பிற்கு வருவோம். ஓடிய நேரம் 9,000 மணி. எழுதிய 'டேட்டா யூனிட்' 2,15,00,000. ஓர் அலகு 5,12,000 பைட்டு ஆதலின், 11 டெராபைட்டு. 300இல் 11 ஏறக்குறைய நூற்றுக்கு 4. நாளொன்றுக்கு 8 மணி நேரமாகக் கொள்ளின் மூன்றாண்டு உழைப்பு. இதுவரை எண்கள் ஒன்றற்கொன்று பொருந்தின. இப்பொருத்தம் பார்த்தல் இன்றியமையாதது. ஏனெனில், சிலர் தொழிற்சாலை மென்பொருளைக் கொண்டு கணக்கைத் துடைத்து, பழையதைப் புதியதாக்கி விற்பதும் உண்டு. வெளியுறை தேய்ந்திருக்க, ஓடிய நேரம் 2 மணி என்றிருப்பின், அக்கடையை விட்டு வெளியேறுக.

ஆனால், மாற்றுப் பகுதிகளின் இருப்பைக் கூறும் 'அவெய்லபிள் ஸ்பேர்' 82 என்றிருந்தது. இவ்வளவு சிறிதே எழுதிய ஒன்றில் அது 100 ஆக இருத்தல் வேண்டும். எச்சரிக்கை எல்லை 10 ஆதலின் மென்பொருள் ஒன்றும் கூறாது வாளா இருந்தது. 'மீடியா அண்டு டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' என்னும் வரியில் 0க்குப் பதிலாக 17. திருத்தவியலாமற் போன பிழைகள் அவை. தேயாத உடலில் தோன்றிய நோய் இது. கெட்ட பகுதிகள் பெருகத் தொடங்கிவிட்டன என்பதில் எனக்கு ஐயமில்லை.

சாட்டா வகையில் வரிகளின் பெயரும் எண்ணும் நிறுவனந்தோறும் வேறுபடும். 5ஆம் எண்ணுள்ள மாற்றப்பட்ட பகுதிக் கணக்கை முதலிற் காண்க. 199ஆம் எண்ணிற் பிழை ஏறியிருப்பின் பெரும்பாலும் வடமே குற்றவாளி. யு.எஸ்.பி. உறைகள் சில இக்குறிப்பை மறைத்துவிடுமாதலின், நேரே பொருத்திக் காண்பதே நன்று.

குறிப்பு நன்றாயினும் சோதனை வேண்டும். முழுக் கொள்ளளவையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடுக. போலிக் கொள்ளளவும் இதனால் வெளிப்படும். நிரம்பும்போது வேகம் குறைதல் நோயன்று. முன்னறை நிரம்பியபின் புதியனவும் அவ்வாறே தளரும். ஆனால் படிக்கும்போது ஓரிடத்தில் நின்று நின்று செல்லுமாயின் ஐயுறுக. நெடுநாள் மின்னின்றிக் கிடந்ததாயின் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் கசிந்திருத்தல் கூடும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். எழுதுந்திறன் முற்றும் செலவான பின்னரும், மின்னின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு எழுத்தைக் காத்தல் வேண்டுமென்பது வீட்டுப் பயன்பாட்டினவற்றிற்கு ஜெடெக் அமைப்பு வகுத்த அளவு. நம் கோடையில் மூடிய அலமாரி 30 பாகையில் நிற்பதில்லை.

இத்துணையும் பார்த்தபின்னும் கன்ட்ரோலர் முன்னறிவிப்பின்றி இறக்கலாம். அதனைக் காட்டும் வரி ஸ்மார்ட் குறிப்பில் இல்லை. இரண்டாம் படி ஒன்று வேறிடத்தில் இருத்தலே அதற்குக் காப்பு.

கடைக்காரர் முதலில் மறுத்தார். 17ஐயும் 82ஐயும் காட்டியபின் வேறு மூன்றை மேசைமேல் வைத்தார். மாணவர் தெரிந்தெடுத்ததற்கு 'நலம்' 69. 92 டெராபைட்டு எழுதப்பட்டு 14,000 மணி ஓடியது. மாற்றிருப்பு 100, பிழை 0. விலையும் முன்னையதினும் குறைவு. கட்டுரை அதிலேயே எழுதி முடிக்கப்பெற்றது. சனிக்கிழமைதோறும் ஒரு படி வேறொரு தட்டிற்குச் சென்றது. இவ்வாண்டு பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்தவரிடம் அதனைப்பற்றி வினவினேன். பையிலிருந்த கணினியைத் திறந்து அங்கேயே படித்துக் காட்டினார்: நலம் 66, மாற்றிருப்பு 100, பிழை 0.