வரிசை முறையும் வேலைக் கணக்கும்



நிறுவையில் குறை வைக்கலாகாது என்பது மதரஸாவிலேயே நமக்குப் புகட்டப்பட்ட பாடம். இன்று நம் கடைகளில் கண்ணுக்குத் தெரியாத நிறுவை ஒன்றும் நடக்கிறது. கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் கார்டைத் தட்டுகிறார். பணம் சேர்ந்த செய்தி வரவில்லை. அதே இணைப்பில் மாடியிலுள்ளவர் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். இணைப்பு ஒன்று, கேட்போர் பலர். யாரை முதலில் அனுப்புவதென்று தீர்மானிப்பது ரவுட்டர் என்னும் பெட்டி.

செய்திகள் பொட்டலம் பொட்டலமாகவே செல்கின்றன. வந்தபடி அனுப்புவது சுலபம். ஆனால் ஒருவர் ஆயிரம் பொட்டலங்களைக் கொட்டிவிட்டால், ஒரே பொட்டலம் உள்ளவர் கடைசியில் நிற்க நேரும்.

1985-இல் ஜான் நேகிள் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, முறைவைத்து ஆளுக்கொரு பொட்டலம். இதிலும் குறையுண்டு. நோன்புக் கஞ்சிக்கு ஆளுக்கொரு பாத்திரம் என்றால், பெரிய பாத்திரக்காரருக்கே லாபம்.

1989-இல் டெமர்ஸ், கேஷவ், ஷென்கர் மூவரும் இதைத் திருத்தினர். ஆளுக்கொரு துளியாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினால் எந்தப் பாத்திரம் முதலில் நிறையுமோ, அதையே முதலில் அனுப்பு என்றனர். நீதி கிடைத்தது, வேலை கூடியது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முடியும் நேரத்தைக் கணக்கிட்டு, மிகச் சிறியதைத் தேடவேண்டும். கிளைகிளையாய் அடுக்கித் தேடினால் 1000 வரிசைக்கு ஏறக்குறைய 10 படி. 10 இலட்சத்துக்கு ஏறக்குறைய 20 படி.

இது சொற்பமன்றோ எனலாம். விநாடிக்கு 1 கிகாபிட் போகும் இணைப்பில் 1500 பைட் பொட்டலம் செல்ல, விநாடியை 10 இலட்சம் கூறாக்கினால் 12 கூறே ஆகும். 100 கிகாபிட்டில் அதிலும் நூற்றிலொரு பங்கு. அதற்குள் தேடி முடிக்கவேண்டும்!

1995-இல் ஸ்ரீதர், வர்கீஸ் இருவரும் காட்டிய வழி நம் பற்றுவரவு ஏடு போன்றது. ஒவ்வொரு வரிசைக்கும் சுற்றுக்கு 1500 பைட் வரவு என்போம். 1000 பைட் பொட்டலங்கள் மூன்று நிற்கின்றன. முதற்சுற்றில் ஒன்று போகும், 500 பாக்கி. அடுத்த சுற்றில் 2000 ஆகும், இரண்டும் போகும். வரிசை காலியானால் பாக்கி அழிக்கப்படும். வரவு மிகப் பெரிய பொட்டலத்துக்குக் குறையாதிருந்தால், வரிசை பத்தானாலும் பத்து இலட்சமானாலும் ஒரு பொட்டலத்துக்கு ஆகும் வேலை கூடாது. ஆயினும் இதற்கும் விலையுண்டு: சிறு பொட்டலமும் தன் சுற்று வரும்வரை காத்திருக்கவேண்டும்.

அக்குறையைத் தணிக்க, 2018-இல் எழுத்தில் வெளியான எஃப்-கியூ கோடெல் முறை, புதிதாய் வரும் வரிசைக்கு முன்னிடம் தருகிறது. நம் கார்டுச் செய்தி அத்தகையதே.

ஆகவே சகோதரர்களே, ரவுட்டர் வாங்கும்போது வேகத்தை மட்டும் விசாரியாமல், இம்முறை உண்டா என்றும் கேளுங்கள். இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே அதில் குறித்துவையுங்கள். இல்லையேல் நெரிசல் வேறு பெட்டியில் சேர்ந்து, முறை வீணாகும். சிறியவர் பங்கு பெரியவரிடம் சிக்காதிருப்பதே நல்ல நிறுவை.