கேஸெஷ்பெட்ஸ்லெ: சீஸும் வெங்காயமும் சேர்ந்த ஸ்வாபிய நூடுல்ஸ்

தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில் வீட்டுச் சாப்பாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஷ்பெட்ஸ்லெ. முட்டை சேர்த்த தளர்வான மாவைக் கொதிநீரில் நேராகச் சீவிப் போட்டு வேகவைக்கும் நூடுல்ஸ் இது. ‘ஸ்வாபிய ஷ்பெட்ஸ்லெ’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு 2012-இல் கிடைத்தது. இறைச்சிக் குழம்போடும், பருப்பும் சாஸேஜும் சேர்த்தும் இதைச் சாப்பிடுவார்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆல்கோய் வட்டாரத்தில் பால் மாடுகளும் சீஸும் மிகுதி. அங்கே பேர்பெற்றது கேஸெஷ்பெட்ஸ்லெ. சூடான நூடுல்ஸ் மேல் சீஸ் தூவி, அதன் மேல் மீண்டும் நூடுல்ஸ் என்று அடுக்கி, பொரித்த வெங்காயத்தோடு பரிமாறுவது.

நான்கு பேருக்கு 400 கிராம் மாவு, 4 முட்டை, ஒரு தேக்கரண்டி உப்பு, 125 முதல் 150 மில்லி தண்ணீர் போதும். ஜெர்மனியில் 405 என்ற எண்ணிட்ட வெள்ளைக் கோதுமை மாவைப் பயன்படுத்துகிறார்கள்; நம் கடைகளில் அதற்கு நெருக்கமானது மைதா. அங்கே இதற்கென்றே சற்றுக் கொரகொரப்பான மாவும் விற்கிறது. மைதாவில் இரண்டு மேசைக்கரண்டி ரவை கலந்தால் அந்தக் கடிபதம் ஓரளவு வந்துவிடும். சீஸ் 300 கிராம் வேண்டும். பாதி, மணம் மிகுந்த பெர்க்கேஸெ என்னும் மலைச் சீஸ். மீதி, இழை இழையாக நீளும் எம்மென்டால். பெர்க்கேஸெ கிடைக்காவிட்டால் க்ரூயேர் நல்ல மாற்று. மொட்ஸரெல்லா மட்டும் போட்டால் இழை வரும், சுவை வராது. பதப்படுத்திய சீஸ் துண்டுகள் இதற்கு ஒத்துவராது.

முதலில் அடுப்பேற வேண்டியது வெங்காயம், ஏனெனில் அதற்குத்தான் நேரம் அதிகம். மூன்று பெரிய வெங்காயங்களை மெல்லிய வளையங்களாக நறுக்கி, 50 கிராம் வெண்ணெயில் ஒரு சிட்டிகை உப்போடு சிறுதீயில் வதக்க வேண்டும். ஏறத்தாழ 25 நிமிடத்தில் நிறம் பொன்னிலிருந்து பழுப்புக்குத் திரும்பி இனிப்பு இறங்கும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகிக் கசக்கும், நடுவில் பச்சை வாடை போகாது.

வெங்காயம் வதங்கும் நேரத்தில் மாவை அடித்துவிடலாம். இந்த உணவு அமைவதும் கெடுவதும் இங்கேதான். அகலமான பாத்திரத்தில் மாவு, உப்பு, துருவிய ஜாதிக்காய் சிறிது போட்டு, நடுவில் குழித்து முட்டைகளை உடைத்து ஊற்றி, முக்கால் பங்கு தண்ணீரையும் சேர்க்க வேண்டும். பிறகு மரக்கரண்டியால், அடியிலிருந்து மேலே இழுத்து இழுத்து அடிக்க வேண்டும். ஸ்வாபிய வீடுகளில் இதற்கு நடுவில் துளையிட்ட மரக்கரண்டி இருக்கும்; அந்தத் துளை வழியே மாவு புகுந்து வருவதால் வேலை சீக்கிரம் முடியும். ஐந்து நிமிடம் விடாமல் அடித்தால் மாவு பளபளத்து, கரண்டியை இழுக்கும்போது காற்றுக் குமிழிகள் தெரியும். அதுவே அடையாளம். கரண்டியைத் தூக்கினால் மாவு நீளமாகத் தொங்கி, மனமில்லாமல் அறுந்து விழ வேண்டும். தோசை மாவுபோல் ஓடினால் மாவு சேர்க்கலாம். அசையாமல் நின்றால் மீதித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கலாம். பதம் வந்தபின் 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும். மாவு தண்ணீரை முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். அடித்ததில் இறுகிய பசையம் தளரும். சீவும்போது பின்னுக்கு இழுக்காது.

பெரிய பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, பின் லேசாகக் கொதிக்கும் அளவுக்குத் தீயைக் குறைக்க வேண்டும். கைப்பிடியுள்ள சிறு பலகையைக் கொதிநீரில் நனைத்து, இரண்டு கரண்டி மாவை அதன் ஓரம் வரை மெல்லிசாகப் பரப்பி, நனைத்த தட்டைக் கத்தியால் ஓரத்திலிருந்து இழையிழையாக நீருக்குள் சீவித் தள்ள வேண்டும். நான்கைந்து சீவலுக்கு ஒருமுறை பலகையையும் கத்தியையும் மீண்டும் நனைத்தால் மாவு ஒட்டாது. முதலில் சில இழைகளை மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது. கரைந்தால் மாவும், ரப்பர் போலிருந்தால் தண்ணீரும் குறைவு என்று பொருள். இழைகள் மேலே மிதந்து வந்தபின் சில நொடி விட்டு ஜல்லிக்கரண்டியால் அள்ளலாம். ஒரே ஈட்டில் அதிகம் போட்டால் கொதி அடங்கி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பலகை பழகாதவர்கள் பெரிய துளையுள்ள வடிதட்டில் மாவை வைத்துத் தேய்த்து இறக்கலாம். குட்டை உருண்டைகளாக விழும் இந்த வகைக்குக் க்னொப்ஃப்லெ என்று பெயர். தட்டை நீருக்குச் சற்று உயரத்தில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவியில் வெந்த மாவு துளைகளை அடைத்துவிடும். பிழிவதற்கென்று அச்சும் உண்டு. ஆனால் கையால் சீவியதன் ஏறுமாறான ஓரங்களில்தான் சீஸ் நன்றாகப் பற்றும்; பழக்கம் வரும்வரை சிரமப்பட்டாலும் பலகையே சிறந்தது.

பரிமாறும் பாத்திரத்தை முன்னதாக ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கி வைக்க வேண்டும். அள்ளிய நூடுல்ஸை முற்றிலும் வடியவிடாமல் அதில் பரப்பி, துருவிய சீஸும் மிளகுத்தூளும் தூவ வேண்டும். இழைகளில் ஒட்டியிருக்கும் மாவுச்சத்துள்ள நீர்தான் சீஸைத் திரளவிடாமல் குழையச் செய்கிறது. க்ரீம் தேவையே இல்லை. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஓர் அடுக்கு, இடையில் பாத்திரம் ஓவனுக்குள். கடைசி அடுக்கின் மேல் சீஸ் தூவி ஐந்து நிமிடம் வைத்தால் போதும். ஓவன் இல்லையென்றால் அகன்ற வாணலியில், சிறுதீயில், நூடுல்ஸ் வெந்த நீர் அரைக் கரண்டி விட்டுக் கிளறலாம். மேலே வெங்காயத்தை அதன் வெண்ணெயோடு பரப்பி உடனே பரிமாற வேண்டும். ஆறினால் சீஸ் கட்டியாகும். வினிகர் விட்ட பச்சை இலை சாலட் இதன் கனத்தைச் சமன் செய்யும்.

சீஸ் சேர்க்காத ஷ்பெட்ஸ்லெ மீந்தால், குளிர்ந்த நீரில் அலசி வடித்து, சிறிது வெண்ணெய் புரட்டிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் வெண்ணெயில் ஓரம் முறுகும் வரை வறுத்து, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் அது தனிச் சாப்பாடாகவே ஆகிவிடும்.