கொப்புளத்தை அளக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஹந்தானையில் எடுத்த தேயிலைப் படங்கள் வந்து சேர்ந்தன. கொப்புள நோய் ஒவ்வோர் இலையிலும் எத்தனை வீதம் பிடித்திருக்கிறது என்று இமேஜ்ஜே மென்பொருளில் அளந்து, அட்டவணையும் போட்டிருக்கிறாய். உழைப்பில் குறையில்லை. ஆனால் நீ அளந்தது இலையைத்தானா?

எல்லாப் படமும் வட்ஸ்அப்பில் வந்தவை. அது படத்தைச் சிறிதாக்கி, மறுபடியும் ஜேபெக் ஆக்கித்தான் கொடுக்கும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுணுக்கத்தை எறிந்துவிடும். நிறத்தில் இன்னும் தாராளமாகவே எறியும். கொப்புளம் தொடங்கும்போது தெரிவதோ வெளிர்மஞ்சளாய் ஒரு சின்னப் புள்ளி. எறியப்பட்டதில் அதன் ஓரமும் போயிருக்கும். இப்போது டிஃப் கோப்பாக மாற்றியும் பயனில்லை, அவித்த நெல் முளைக்காது.

நானும் பட்டவன்தான். இலைக்கு 255, பின்னணிக்கு 0 என்று இரண்டே எண்கள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றை யோசிக்காமல் ஜேபெக்காகச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் ஓரமெல்லாம் 3, 7, 249. பூச்சியத்துக்கு மேற்பட்டதெல்லாம் இலை என்று நான் எழுதியிருந்த வரி, அந்தக் கசிவையும் சேர்த்து எண்ணிவிட்டது. இலைகள் ஒரே இரவில் பெருத்துவிட்டன! இரண்டு கிழமை வீண். அதற்குப் பிறகு அப்படியான படங்கள் பிஎன்ஜியில்தான்.

பைதனுக்கு மாறப்போவதாகச் சொன்னாய். அதில் படம் வாசிக்க உதவும் ஓப்பன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தரும். கோப்பின் பெயர் பிழைத்தாலும் அந்த இடத்தில் நிரல் நிற்காது, வெறுமையைத் தந்துவிடும். 16 பிட் டிஃபை, தனியே சொல்லாவிட்டால், 8 பிட் ஆக்கிவிடும். 65,536 படிகள் 256 ஆகிவிடும். ஆகவே படத்தை வாசித்த கையோடு நீள அகலம், எண்வகை, ஆகக் குறைந்த எண், ஆகக் கூடிய எண் எல்லாவற்றையும் அச்சிட்டுப் பார்.

மூலத்தின் அருமைக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டபோது, பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவைட்ஸ் நோய் பிடித்த இலைகளையே இங்கிலாந்திலிருந்த பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லிக்கு அனுப்பினார். கோப்பியை அழித்துத் தேயிலைக்கு இடம்விட்டது அந்தத் துருதான். அவர் இலையை அனுப்பினார்; நீ அதன் நகலின் நகலை அனுப்பியிருக்கிறாய்.

போனில் இருக்கும் மூலப்படங்களை அழித்துவிடாதே. பென்டிரைவில் போட்டு வெள்ளிக்கிழமை பேராதனைக்குக் கொண்டு வா. பழைய அட்டவணையும் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்